வீட்டுக்கு ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே ஞானசுந்தரம் அண்ணை நின்றார். திறக்காமலே இருந்துவிடத்தான் நினைத்தேன். அவருக்குப் பக்கத்தில் மகன் மதீசன் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு நின்றான். அந்தப் பிள்ளைக்காகத்தான் கதவைத் திறந்தேன்.

ஜெர்மனியில் இந்த வுப்பர்டால் நகரத்துத் தமிழ்ச் சனத்துக்கு ஞானசுந்தரம் அண்ணையை யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஈழத்தில் போராடிக்கொண்டிருந்த இயக்கத்துக்கு இங்கே பொறுப்பாளர் அவர்தான். மண்டபம் பிடிப்பது, வீடு வீடாகப் போன் அடித்துச் சனத்தைக் கூப்பிடுவது, மேடையில் முழங்குவது எல்லாம் அவர். "ஒரு படை சனத்தின்ர ஆதரவிலதான் நிக்குது" என்று பேச்சைத் தொடங்குவார். "வீட்டுக்கு ஒருவர்" என்று முடிப்பார். முடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தவறாமல் கண் கலங்குவார், சனம் கைதட்டும். 2007ஆம் ஆண்டு அது. வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளையை இயக்கம் படைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. மனம் விரும்பிக் கொடுத்த வீடுகளும் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். கொடுக்காத வீடுகளில் வந்து எடுத்தார்கள்.

என் அக்கா நாகலட்சுமி கொடுக்கவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு மகள், ஆதிரை. பதினேழு வயது. ஆகஸ்ட் மாதம் டியூசன் முடிந்து சைக்கிளில் வந்த பிள்ளையைச் சந்தியில் மறித்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஓடினால் அடையாளம் தெரியவேண்டும் என்று தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். முகாம் வாசலில் நின்று அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துதான் அக்கா எனக்குத் தொலைபேசிக் கடையிலிருந்து போன் எடுத்தாள். பேசவில்லை. கத்தினாள்.

அன்றைக்கே நான் ஞானசுந்தரம் அண்ணை வீட்டுக்கு ஓடினேன்.

"உங்களுக்கு அங்க ஆக்களைத் தெரியுந்தானே அண்ணை. ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. அக்காவுக்கு அவள் ஒருத்திதான்."

"என்ர கையில ஒண்டும் இல்லை, ஈஸ்வரி. எல்லாம் அங்கதான் முடிவெடுக்கிறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களே இப்பிடிக் கேட்டால் மற்றச் சனம் என்ன நினைக்கும்? இது பெருமைப்படவேண்டிய விசயமெல்லோ" என்றார்.

பெருமையாம்! அவர் மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அவருடைய ஒரு கூட்டத்துக்கும் நான் போகவில்லை.

ஒரு பெண் கூட்டத்துக்கு வராதது பெரிய விசயமா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய விசயம்தான். நான் பார்மன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. வந்த காலத்திலிருந்தே அந்தக் கிழவிகளோடு மல்லுக்கட்டி ஜெர்மன் படித்தவள். இங்கே எந்தத் தமிழ் வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் அது என் சமையலறை மேசைக்குத்தான் வரும். வருகிறவர்கள், "அக்கா, ஏன் இப்ப கூட்டத்துக்குக் காணேல்லை?" என்று கேட்டார்கள். நானும் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டவர்களில் சிலரும் போகாமல் விட்டார்கள்.

இப்போது அதே மேசைக்கு ஞானசுந்தரம் அண்ணையும் வந்து இருந்தார். நனைந்த சட்டைக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்து வைத்தார். ஜெர்மன் இராணுவத்திலிருந்து வந்திருந்தது.

மதீசனுக்குப் பத்தொன்பது வயது. இங்கே பிறந்து, ஜெர்மன் குடியுரிமை எடுத்த பிள்ளை. அந்த நாட்களில் இந்த நாட்டு இளைஞர்கள் படிப்பு முடிந்ததும் கொஞ்சக் காலம் படையில் சேவை செய்யவேண்டும் என்பது சட்டம். மதீசனை உடல் பரிசோதனைக்குக் கூப்பிட்டுப் பார்த்து, தகுதியானவன் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் இந்த நாட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆயுதம் எடுக்க என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்று காரணம் காட்டி மனுப் போடலாம். ஏற்றுக்கொண்டால், துவக்குக்குப் பதிலாக ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்தால் போதும்.

"அந்த மனுவை, அன்ட்ராக்கை, நீங்கள்தான் எழுதித் தரோணும்" என்றார் ஞானசுந்தரம் அண்ணை. "அப்பிடியே உங்கட இல்லத்தில அவனுக்கு ஒரு இடமும் எடுத்துத் தந்தால் பெரிய உதவி."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாளையும் பேனையையும் எடுத்தேன்.

"சொல்லுங்கோ அண்ணை, எழுதுறன்."

"உங்களுக்குத் தெரியாததே? நீங்களே நல்லா எழுதுவீங்கள்."

"ஏலாது. பொதுவா எழுதினால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். வீட்டில என்ன சொல்லி வளர்த்தனீங்கள் எண்டு எழுதோணும். நீங்கள் சொல்லுங்கோ."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேடைக்கு ஏறினால் செருமுகிற அதே செருமல்.

"சின்ன வயசிலயிருந்து ஒரு உயிரைக் கொல்லுறது பாவம் எண்டு சொல்லித்தான் வளர்த்தது. அவன் இறைச்சியும் தொடமாட்டான்."

எழுதினேன்.

"ஆயுதம் எடுக்கிறதோ விடுறதோ, அது அவனவன்ர மனச்சாட்சி. ஒரு படை வந்து ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்த ஏலாது."

அதையும் எழுதினேன்.

"பெத்த தாய் தகப்பன்ர மனம் எண்டு ஒண்டு இருக்கு. ஒரே ஒரு பெடியன். அவனைத் துவக்கோட பார்க்க எங்களால..." என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையில் கலங்குகிற கண் இல்லை இது. உண்மையாகவே கலங்கியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பேனையை மேசையில் போட்டேன்.

"அண்ணை, உங்களுக்கு நாக்குக் கூசேல்லையோ? ஆகஸ்டில நான் உங்கட வீட்டை வந்து இதைத்தானே கேட்டனான்? ஒரே ஒரு பிள்ளையெண்டு நானும்தானே அழுதனான்?"

"அன்ரி, ஆர் பிள்ளை?" என்று மதீசன் கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னேன். ஆதிரையின் வயது, சந்தி, சைக்கிள், வெட்டிய தலைமுடி, எல்லாவற்றையும் அவனுக்கு விளங்கும்படி பாதி ஜெர்மனிலும் பாதி தமிழிலும் சொன்னேன். அவன் தகப்பனைப் பார்த்தான்.

"அது வேற, இது வேற" என்றார் ஞானசுந்தரம் அண்ணை. "இது வேற ஆக்களின்ர நாட்டுப் படை. அது எங்கட படை. எங்கட சனத்துக்காகச் சாகிற படை."

"எங்கட படையெண்டால் எங்கட பிள்ளையளைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போகட்டுமே. கள்ளனைப் போலச் சந்தியில நிண்டு ஏன் பிடிக்கோணும்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. பிறகு கடைக்காரன் விலை பேசுகிற மாதிரி முன்னால் சாய்ந்தார்.

"ஈஸ்வரி, நீங்கள் வராமல் விட்ட பிறகு கனபேர் வரேல்லை. மேலயிருந்து என்னைக் கேக்கினம். நவம்பரில மாவீரர் நாளுக்கு வாங்கோ. முன்னுக்கு இருங்கோ, சனம் உங்களைப் பார்க்கட்டும். நான் ஆதிரையைப் பற்றிக் கதைக்கிறன்."

"உங்கட கையில ஒண்டும் இல்லையெண்டனீங்கள்?"

"கதைச்சுப் பார்க்கலாந்தானே."

அந்த மனுவை எழுதாமல் இழுத்தடிக்கலாம் என்று ஒரு எண்ணம் எனக்கு வந்தது. ஆதிரை வீட்டுக்கு வரும்வரை இவருடைய மகனின் காகிதம் என் மேசை லாச்சிக்குள் கிடக்கட்டும், அப்போது தெரியும் வலி என்று நினைத்தேன். மதீசன் தலையைக் குனிந்தபடி விரலால் மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் என்ன செய்தான்? ஒரு பிள்ளையைப் பணயம் வைப்பதென்றால் நானும் அவர்களோடு சேர்ந்துவிடலாமே. எழுதி முடித்தேன். மதீசன் ஒருமுறை கவனமாக வாசித்துக் கையெழுத்து வைத்தான். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் நானே தபாலில் போட்டேன். இல்லத்திலும் அவனுக்காகச் சொல்லிவைத்தேன்.

நவம்பரில் கூட்டத்துக்குப் போனேன். வேறு என்ன செய்வது? வாசற்படியில் கால் வைக்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஆதிரைக்காக எந்த வாசற்படியையும் மிதிப்பேன் என்று இருந்தேன். நகரத்தின் எல்பர்ஃபெல்ட் பகுதியில் எப்போதும் எடுக்கிற மண்டபம்தான். போரில் இறந்த பிள்ளைகளின் படங்களை மேடைக்கு முன்னால் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் விளக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அன்றும் அவர்களுக்காக அழுதேன். மரக்கறிக் கடை வைத்திருக்கிற மரியமலர் என் பக்கத்தில் வந்து இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மதீசன் வழக்கம்போல ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

ஞானசுந்தரம் அண்ணை மேடை ஏறினார். செருமினார். படையும் சனமும் என்று தொடங்கி எங்கெல்லாமோ போய்விட்டு, என் பக்கம் கையை நீட்டினார்.

"எங்கட ஈஸ்வரி இண்டைக்கு வந்திருக்கிறா. தன்ர அக்காவின்ர ஒரே மகளை முழுமனதோட மண்ணுக்குக் குடுத்துப்போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருக்கிறா. இதுதான் எங்கட சனம்!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒரு வயதானவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். முன் வரிசையில் நான் வந்து இருந்ததே ஞானசுந்தரம் அண்ணைக்குப் போதுமாக இருந்திருக்கிறது. பிடித்துக்கொண்டுபோன பிள்ளையை என் வாயைத் திறக்கவிடாமலே நான் கொடுத்த பிள்ளையாக ஆக்கிவிட்டார். எழுந்து நின்றேன்.

"அண்ணை, நான் குடுக்கேல்லை. அக்காவும் குடுக்கேல்லை. பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போனவை."

கைதட்டல் நின்றது. "இருங்கோ அக்கா, இது அதுக்கான இடமில்லை" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நான் இருக்கவில்லை.

"வீட்டுக்கு ஒருவர் எண்டு வருசா வருசம் சொல்லுறீங்கள். உங்கட வீட்டிலயிருந்து ஆர்?"

மனுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது மதீசனுடைய விசயம், அதைச் சபையில் போட்டு உடைக்க எனக்கு உரிமை இல்லை. ஞானசுந்தரம் அண்ணை அந்த இடத்தில் பேசாமல் விட்டிருந்தால் என்னைப் பைத்தியக்காரி என்று சொல்லி இருத்தியிருப்பார்கள். ஆனால் கையில் மைக், எதிரே சனம். அவரால் சும்மா இருக்க முடியுமா?

"தேவையெண்டால் என்ர மகன் நாளைக்கே போவான்!" என்று முழங்கினார்.

முன்னையதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அது அடங்கும்வரை மதீசன் பொறுத்திருந்தான். பிறகு ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே, மைக் இல்லாமல் சொன்னான்.

"நான் போகமாட்டன், அப்பா. துவக்குத் தூக்கமாட்டன் எண்டு எழுதிக் குடுத்திட்டன். நீங்கள்தானே பக்கத்தில இருந்து சொல்லச் சொல்ல எழுதுவிச்சனீங்கள்."

தகப்பனின் முகத்தில் ஈயாடவில்லை. மண்டபத்தின் நடுவில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சத்தமான சிரிப்புக்கூட இல்லை, அடக்க முடியாமல் மூக்கால் வந்த சிரிப்பு. மரியமலர் எழுந்து கோட்டைப் போட்டாள். பின்னால் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழும்பின. எல்லாரும் போகவில்லை. இருந்தவர்கள்தான் அதிகம். வெளி வாசலில் ஒருவன் என் முகத்துக்கு நேரே "துரோகி" என்றான். ஞானசுந்தரம் அண்ணை பின்னால் ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இனி ஆதிரையை மறந்திடுங்கோ."

"அப்ப அவளை விடுவிக்கவும் உங்களால ஏலும், மறிக்கவும் ஏலும்" என்றேன். "ஆகஸ்டில ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை கோபம்தான் என்னைத் தாங்கிப் பிடித்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் பயம் வந்தது. வாயடக்கம் இல்லாமல் பிள்ளையின் உயிரோடு விளையாடிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இங்கே சூடாக்கிய அறைக்குள் இருந்து நான் வீரம் பேசினால் அடி ஆதிரைக்குத்தானே விழும்?

மார்கழியும் கழிந்தது. அக்காவிடமிருந்து ஒரு சொல் இல்லை. மதீசனின் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எங்கள் இல்லத்தில் கிழவர்களுக்குச் சூப் கொடுக்கவும் தலை சீவிவிடவும் பழகிக்கொண்டிருந்தான். பொங்கல் விழாவுக்கு மண்டபத்தில் பாதிக் கதிரை காலியென்று மரியமலர் சொன்னாள். நடனமாட வந்த பிள்ளைகளின் பெற்றோர்கூட ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்களாம். பேச்சைக் கேட்க ஆள் இல்லையாம்.

பெப்ரவரியில் ஒரு காலை அக்கா போன் எடுத்தாள்.

"ஆதிரை வந்திட்டாள்!"

"சின்னம்மா" என்று அவள் குரல் வந்தது. கொஞ்சம் கட்டைக் குரலாகிவிட்டிருந்தது. "தலைமயிர் வளரத் தொடங்கிட்டுது, சின்னம்மா" என்றாள். நான் அழுதேன், சிரித்தேன், கடவுள்களின் பெயரையெல்லாம் சொன்னேன். அவ்வளவு சந்தோசம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு அக்கா போனை வாங்கினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அதே வாகனத்தில பக்கத்து வீட்டு யோசேப்பு அண்ணையின்ர மகளை ஏத்திக்கொண்டு போட்டாங்கள். டிலானி. மூத்த பெடியனை முந்தியே குடுத்த வீடு."

"ஏனக்கா? அவையள்தான் ஒராளைக் குடுத்திட்டினமே?"

"ஒண்டு போனால் ஒண்டு வரோணுமாம். யோசேப்பு அண்ணை இஞ்சதான் நிக்கிறார். உன்னோட கதைக்கோணுமாம்."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் வந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லது.

"பிள்ளை வந்தது சந்தோசம், தங்கச்சி" என்றார். உண்மையாகவே சொன்னார். "நீங்கள் அங்க ஆரிட்டக் கதைச்சனீங்கள்? எங்களுக்கு வெளிநாட்டில ஒருத்தரும் இல்லை. அதுதான் எங்கட வீட்டை வந்தவை."

அக்கா மறுபடி போனை வாங்கி, "நீ இனி ஒண்டும் கதைக்காதை, ஈஸ்வரி. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். அவங்கள் திரும்பி வந்திடுவாங்கள்" என்று கெஞ்சிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர்களுடைய கணக்கு எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. நியாயம் பார்த்து ஆதிரையை விடவில்லை. எல்பர்ஃபெல்டில் கதிரைகள் காலியானதால் விட்டார்கள். கைதட்ட ஆள் இல்லாமல் போனது அங்கேவரை சுட்டிருக்கிறது. ஆனால் யோசேப்பு அண்ணைக்காக எந்த ஊரிலும் ஒரு கதிரை காலியாகாது. அது தெரிந்துதான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் சனத்தின் படை, எங்கள் சனத்திலேயே யாருக்கு ஆள் இல்லை என்று பார்த்துப் பொறுக்குகிறது. என் கோபத்தையும் இன்னொரு வீட்டின் பிள்ளையைக் கொண்டு சமாதானம் செய்துவிட்டார்கள்.

அந்தக் கிழமையே ஞானசுந்தரம் அண்ணை போன் எடுத்தார். குரலில் தேன் வடிந்தது.

"சந்தோசந்தானே ஈஸ்வரி? நான் மேல கதைச்சனான். வாற மாதம் கூட்டம் இருக்கு. நீங்கள் மேடைக்கு வந்து, இயக்கம் பிள்ளையை விட்டதெண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சனம் உங்கட சொல்லைக் கேக்கும்."

"வாறன் அண்ணை" என்றேன். "ஆனால் என்ர மற்றப் பெறாமகளும் வீட்டை வரோணும்."

"மற்றப் பெறாமகளோ? உங்கட அக்காவுக்கு ஒரு பிள்ளையெண்டுதானே சொன்னனீங்கள்?"

"இவள் பக்கத்து வீடு. யோசேப்பற்ற மகள் டிலானி. ஆதிரை இறங்கின வாகனத்தில ஏத்தின பிள்ளை."

தேன் வற்றிய குரலில் சொன்னார்:

"ஆதிரை இப்பத்தான் வீட்டை வந்தவ. யோசிச்சுக் கதையுங்கோ."

அக்கா கும்பிட்டது நினைவுக்கு வந்தது. அவள் என்னை மன்னிக்கமாட்டாள் என்றும் தெரிந்தது. ஆனால் இந்த ஊரில் என்னைத் தவிர டிலானி என்ற பெயரைச் சொல்ல ஒரு நாய்கூட இல்லை.

"யோசிச்சிட்டன் அண்ணை. டிலானி வந்தால் மேடையில ஏறி நன்றி சொல்லுறன். வராட்டில் நான் உங்கட மண்டபத்துக்கு வரமாட்டன், ஒருத்தரையும் வரவும் விடமாட்டன். ஆதிரையில திரும்பக் கை வைச்சால், யோசேப்பற்ற வீட்டுக் கதையைத் தமிழ் ஆக்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கமாட்டன். ஜெர்மன்காரருக்கும் சொல்லுவன், எனக்கு நல்லா டொச் தெரியும்."

"நீங்கள் ஆர் அந்தப் பிள்ளைக்கு?" என்று கத்தினார்.

"வெளிநாட்டில இருக்கிற சொந்தம்" என்றேன்.